வரி இலைக் கல்யாண முருங்கை: போத்து நட்டு மரமாக்கிய அனுபவம்

கல்யாண முருங்கை என்றதும் வேலியோரத்தில் முள்ளும் புதருமாக நிற்கும் மரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். முள் முருங்கை, முருக்கு என்றும் சொல்வார்கள். இதிலேயே இலை நரம்புகள் மஞ்சளாக ஓடும் ஒரு வகை இருக்கிறது. நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் பளிச்சென்ற மஞ்சள். நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் பச்சை. நர்சரிகளில் ‘பார்செல்லி’ என்றோ ‘பிக்டா’ என்றோ சீட்டு தொங்கும். ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் உள்ளங்கையை மூடும் அளவு. காலை வெயில் இலைக்குப் பின்னாலிருந்து அடிக்கும்போது அந்த நரம்புகளைப் பார்த்துவிட்டால் சாதாரணப் பச்சை மரத்தில் மனம் ஒட்டாது.

இலை உதிர்க்கும் மரம் என்பது கூடுதல் லாபம். வறண்ட பருவத்தில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு மொட்டைக் கிளை நுனியில் செக்கச்செவேலென்று பூக்கும். மழைக்காலத்தில் இலைக்காகப் பார்க்கலாம், வறட்சியில் பூவுக்காகப் பார்க்கலாம். தோட்டத்தில் ஒரே ஒரு அலங்கார மரத்துக்குத்தான் இடம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பச்சைக் கல்யாண முருங்கையை நட்டுவிட்டு மறந்துவிடலாம். அது தானே பிழைத்துக்கொள்ளும். வரி இலை மரத்தை அப்படி விட முடியாது. மஞ்சள் இருக்கும் இடத்தில் பச்சையம் குறைவு. பச்சையம் குறைந்தால் இலை தயாரிக்கும் உணவும் குறையும். நமக்கு எது அழகோ அது மரத்துக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை மரம் தன் வழியில் ஈடுகட்டப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது தோட்டக்காரர் வேலை. கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த இழுபறியைப் பற்றியதுதான்.

விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வரி இலைச் செடிகளில் பலவும் விதை வழியாகத் தாயின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதில்லை. வெள்ளையும் பச்சையும் கலந்த இலை கொண்ட அந்திமந்தாரையில் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ் செய்து 1909இல் வெளியிட்ட சோதனை இதில் பெயர்போனது. பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதையிலிருந்து பச்சைச் செடிகள் வந்தன. வெளிறிய கிளையின் விதையிலிருந்து வெளிறிய செடிகள். அவை பச்சையமில்லாமல் முளையிலேயே செத்தன. கலப்புக் கிளையின் விதையிலிருந்து மூன்று விதமும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. எல்லா வரி இலைச் செடிக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. விதையை நம்பி இறங்கினால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நல்லவேளையாகக் கல்யாண முருங்கை போத்தில், அதாவது வெட்டி நடும் கிளைத் துண்டில், தயங்காமல் பிடிக்கும் மரம். தடித்த கிளையை வெட்டி ஊன்றினால் உயிர் வேலியாகிவிடும் என்பதால்தான் அது வேலியோரம் வந்து சேர்ந்தது. தாய் மரத்தின் கிளையையே நடுவதால் இலையின் நிறமும் கூடவே வரும்.

போத்து எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்ட ஏற்ற நேரம் மரம் மொட்டையாக நிற்கும் பருவம். கிளையில் சேமிப்பு நிறைந்திருக்கும், இலை வழியாக நீர் போகாது. ஆனால் எந்தக் கிளையில் மஞ்சள் தெளிவாக ஓடுகிறது என்பது இலை இருக்கும்போதுதான் தெரியும். மொட்டைக் கிளைகளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதனால் தெரிந்தவர் தோட்டத்து மரத்தில், இலை அடர்ந்திருந்த காலத்திலேயே நல்ல கிளைகளைப் பார்த்து நைலான் கயிறு கட்டி வைத்தேன். நடு நரம்பில் மட்டும் மஞ்சள் உள்ள கிளைகளை விட்டுவிட்டு, ஓரம் வரை கிளை நரம்பெல்லாம் மஞ்சளாக இருந்தவற்றை மட்டும் குறித்தேன். மூன்று நான்கு கொத்து இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்ட வேண்டும். ஒரே ஒரு அழகான இலையைப் பார்த்து மயங்கக் கூடாது.

இலை கொட்டியதும் ரம்பத்தால் வெட்டினேன். மணிக்கட்டுத் தடிமன், நெஞ்சு உயரம். இதைவிட மெலிந்ததும் பிடிக்கும், ஆனால் தரையில் நடுவதற்குத் தடித்ததே பாதுகாப்பு: சேமிப்பு அதிகம், சட்டென்று காயாது. கிளை நுனிப் பக்கம் பச்சையாக, கருமுள் நெருக்கமாக இருக்கும். அந்தப் பகுதி முற்றாதது, கழித்துவிட வேண்டும். முற்றிய பகுதியில் பட்டை சாம்பல் நிறத்தில், நெடுக்குவாட்டில் வெளிர் கோடுகளோடு இருக்கும். முள்ளும் அங்கே உதிர ஆரம்பித்திருக்கும். அருவாளால் ஓங்கி வெட்டினால் இந்த மென்மரம் பிளந்துவிடும். பிளந்த அடியில் அழுகல் புகும். ரம்பமே சரி.

வெட்டிய கையோடு நடவில்லை. நிழலில் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் போலாகும்வரை விட்டேன். தலை எது, அடி எது என்று குழம்பினால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இலை உதிர்ந்த தழும்புக்கு மேல் பக்கத்தில்தான் மொட்டு உட்கார்ந்திருக்கும். தழும்பிலிருந்து மொட்டு இருக்கும் திசை மேலே. தலைகீழாக நட்ட போத்து பெரும்பாலும் வீணாகிப் போகும் என்பதால் வெட்டும்போதே தலைப்பக்கத்தைச் சாய்வாகவும் அடிப்பக்கத்தை நேராகவும் வெட்டிவிட்டால் இந்தச் சந்தேகமே வராது. சாய்வு வெட்டில் மழைநீரும் தங்காது. அதன் மேல் களிமண்ணைக் குழைத்து அப்பி வைத்தேன்.

இடம் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. இது 15 மீட்டருக்கு மேலும் போகக்கூடிய மரம். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து அடக்கி வைத்தாலும் குடை விரிக்கும். மரக்கட்டை மிக லேசானது, கிளை பலத்த காற்றில் ஒடியும். போத்தில் வந்த மரத்துக்கு ஆணிவேரும் கிடையாது. அதனால் வீட்டுச் சுவர், சாக்கடைக் குழாய், மின்கம்பி மூன்றிலிருந்தும் ஐந்தாறு மீட்டர் தள்ளி, நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்தேன். நிழலில் வைத்தால் மரம் பிழைக்கும், மஞ்சள் மங்கும். இலைக்காகவே வளர்க்கும் மரத்தை நிழலில் வைப்பதில் அர்த்தமில்லை.

போத்தை மண்ணில் அடித்து இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு நூறு நடும்போது அது சரி, நாலு போனால் போகட்டும். ஒன்றிரண்டே இருக்கும்போது கடப்பாரையால் குழி போட்டு இறக்குவதே நல்லது. அடித்தால் அடிப்பட்டை உரிந்துவிடும், வேர் விடுவது அந்தப் பட்டையோரத்தில்தான். போத்தின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு மண்ணுக்குள். குழியின் அடியில் ஒரு கை மணல் போட்டு, மேல்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, காலால் மிதித்து இறுக்கினேன். தொழு உரம் போடவில்லை. வேரே இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலைத்தான் கூட்டும்.

தண்ணீர் விஷயத்திலும் கை நீளக் கூடாது. நட்ட அன்று ஒரு முறை தாராளமாக. அதற்குப் பிறகு விரல் விட்டுப் பார்த்து, இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும். அழுகல் வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் மண்மட்டத்தில் உள்ள பட்டை. நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். நகம் உள்ளே போய், பழுப்பு நீர் கசிந்து, புளித்த வாடை வந்தால் அந்தப் போத்து தேறாது. மேலே பச்சை மொட்டு தெரிந்தாலும் நம்ப வேண்டாம்.

ஏனென்றால் இந்த மரம் வேர் விடுவதற்கு முன்பே இலை விடும். தண்டில் உள்ள சேமிப்பை வைத்தே தளிர்கள் கிளம்பிவிடும். பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஆட்டிப் பார்ப்பதும், தளிர் வந்ததே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் போத்துகளைக் கொல்லும் பழக்கங்கள். முதல் தளிர்கள் விரிந்து, கொஞ்சம் நின்று, அதற்குப் பிறகு இரண்டாவது அடுக்கு இலை முதலாவதைவிடப் பெரிதாக வந்தால்தான் கீழே வேர் ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். முதல் இலைகளில் மஞ்சளும் அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. நடு நரம்பையொட்டி ஒரு மங்கலான கீற்று மட்டும்தான். அடுத்தடுத்த இலைகளில்தான் கிளை நரம்புகள் நிறம் பிடித்தன.

உரத்துக்கு வருவோம். இது அவரைக் குடும்பத்து மரம். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கும். அந்தப் பாக்டீரியா புது இடத்து மண்ணில் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதில்லை. தாய் மரத்தின் அடியில் மேலாக ஓடும் வேர்களைச் சுற்றிய மண்ணில் ஒரு சட்டி எடுத்து வந்து, இரண்டாவது அடுக்கு இலை வந்த பிறகு போத்தைச் சுற்றிக் கிளறிக் கலந்தேன். ஒரு மழைக்காலம் கழித்து ஓரத்து வேர் ஒன்றை மெல்லத் தோண்டிப் பார்த்தபோது சிறு உருண்டைகள் ஒட்டியிருந்தன. ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே இறைச்சி போன்ற இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

முடிச்சு வேலை செய்யும் மரத்துக்கு யூரியா போடுவது இரண்டு வகையில் கெடுதல். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் மரம் முடிச்சை வளர்ப்பதை விட்டுவிடும். கூடவே கொழுகொழுவென்று ஓயாமல் தளிர் தள்ளும். அது பூச்சிக்கு விருந்து, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய தொழு உரம் கொஞ்சம், தண்டைத் தொடாமல் சுற்றிலும் காய்ந்த இலைகளால் மூடாக்கு, அதோடு சரி. கொட்டும் இலைகளையே மூடாக்காகத் திருப்பிப் போட்டுவிடலாம், சீக்கிரம் மக்கிவிடும்.

இந்த மரத்தில் சத்துக் குறையைக் கண்டுபிடிப்பது வேடிக்கையான வேலை. இலை மஞ்சளாகிறதே என்று சொன்னால், மஞ்சளாகத்தானே வாங்கினீர்கள் என்பார்கள். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் எந்தச் செடியிலும் நரம்பு பச்சையாக நிற்கும், நரம்புக்கு இடைப்பட்ட இடம் மஞ்சளாகும். நம் மரத்தில் இயல்பாக இருப்பது நேர் எதிர்: நரம்பு மஞ்சள், இடைவெளி பச்சை. ஆகவே இளந்தளிரில் இடைவெளியும் வெளுத்து, நரம்புக் கோலமே கலங்கலாகத் தெரிந்தால் அது அழகல்ல, நோய். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. இரும்புச் செலேட் (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பு) கரைசலை இலையில் தெளித்தால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்கு மழைநீர் இறங்கும்படி பாத்தியை மாற்றிக் கொடுத்தேன். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் சீராக மஞ்சளானால் அது நைட்ரஜன் குறை அல்லது உதிரும் பருவம் தொடங்கியது என்று பொருள். எந்தப் பருவம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மரம் தலைக்கு மேல் போன பிறகுதான் நான் முதலில் சொன்ன இழுபறி வந்தது. நடுத்தண்டின் ஒரு கணுவிலிருந்து வந்த கிளையில் இலைகள் எல்லாம் முழுப் பச்சை. ஒரு நரம்பில்கூட மஞ்சள் இல்லை. பார்க்க ஆரோக்கியம், மற்ற கிளைகளைவிட இலை பெரிது, தண்டு பருமன். தோட்டம் தெரியாத ஒருவரிடம் இந்த மரத்தைக் காட்டி எந்தக் கிளையை வெட்டுவது என்று கேட்டால் சோனியாக நிற்கும் மஞ்சள் கிளையைத்தான் காட்டுவார். வெட்ட வேண்டியது அந்தக் கொழுத்த பச்சைக் கிளையை. அதற்கு வருமானம் அதிகம். முழு இலையும் உணவு தயாரிக்கிறது. விட்டுவைத்தால் இரண்டு மூன்று பருவத்தில் மேலே ஏறி மற்றக் கிளைகளுக்கு நிழல் போடும். நிழலில் விழுந்த வரிக் கிளை இன்னும் மெலியும். கடைசியில் தோட்டத்தில் நிற்பது சாதாரணக் கல்யாண முருங்கை. குளிர் நாடுகளில் டிரம்மொண்டி மேப்பிளும் ஃபிளமிங்கோ மேப்பிளும் வைத்திருப்பவர்கள் படும் பாடும் இதே பாடுதான். அந்த மரங்களில் ஓரம் வெளுத்த இலைக் கிளைகளுக்கு நடுவே முழுப் பச்சைக் கிளை கிளம்பி மரத்தையே பிடித்துக்கொள்ளும்.

பச்சைக் கிளையை நடுவில் நறுக்கி விட்டால் போதாது. மிச்சமிருக்கும் கணுக்களிலிருந்து வருவதும் பச்சையாகவே வரும், அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் போலத் தடித்திருக்கும்; அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதையொட்டி வெட்ட வேண்டும். வளையம் இருந்தால்தான் காயம் மூடும். பென்சில் தடிமனில் இருக்கும்போதே கவாத்துக் கத்தரியால் எடுத்துவிட்டால் வேலை ஒரு நிமிடம். கை தடிமனுக்கு வளர விட்டுப் பிறகு வெட்டினால் இந்த மென்மரத்தில் காயம் மூடுமுன் உளுத்துவிடும். கையுறை அவசியம், இளங்கிளை முள் குட்டையானது, ஆனால் சதையில் ஏறி ஒடியும்.

பெரிய பச்சைக் கிளையை இலை இருக்கும்போது வெட்ட மனமில்லாதவர்கள் அப்போதே பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு மொட்டைப் பருவத்தில் வெட்டலாம். குறி வைக்காமல் விட்டால் இலை கொட்டிய பிறகு எது பச்சை, எது வரி என்று தேட வேண்டியதுதான்.

கவாத்துக்கு ஏற்ற நேரம் எது என்பதில் நான் நிறைய யோசித்தேன். பூ வருவது முற்றிய கிளை நுனியில். பூப்பதற்கு முன் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போச்சு. பூத்து முடிந்து, புதுத் தளிர் கிளம்புவதற்கு முன்னால் உள்ள சின்ன இடைவெளிதான் சரி. குறுகிய கோணத்தில் இரண்டாகப் பிரியும் கவைகளை அப்போது பார்த்து ஒன்றை எடுத்துவிட வேண்டும். காற்றில் மரம் பிளப்பது அந்த இடத்தில்தான். நீண்டு தொங்கும் கிளைகளைக் குறைப்பதும் அப்போதே. ஆண்டு முழுக்க அவ்வப்போது கத்தரி எடுப்பது கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் தளிர் விட்டுப் பதில் சொல்லும். தளிர் இருந்துகொண்டே இருந்தால் குளவி இருந்துகொண்டே இருக்கும்.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணில் படுவதே அரிது. பெயர் குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் மாதிரிகளை வைத்து 2004இல்தான் இதை ஒரு தனி இனமாக விவரித்தார்கள். அடுத்த ஆண்டே ஹவாய் போய்ச் சேர்ந்து அங்கிருந்த கல்யாண முருங்கைகளையும், அந்தத் தீவுகளுக்கே உரிய விலிவிலி மரத்தையும் சூறையாடியது. கேரளத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருந்த முருக்கு மரங்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அடிவாங்கின. பெண் குளவி இளந்தளிரிலும் காம்பிலும் முட்டையிடும். புழு இருக்கும் இடத்தில் இலைத் திசு வீங்கிக் கழலையாகும். முட்டையிலிருந்து குளவியாக வெளியே வர மூன்று வாரம் போதும் என்பதால் ஒரு தளிர்ப் பருவத்திலேயே இரண்டு மூன்று தலைமுறை ஓடிவிடும்.

என் மரத்தில் முதலில் தெரிந்தது சுருண்ட சிற்றிலைகள். விரிய வேண்டிய தளிர் முறுக்கிக்கொண்டு, காம்பு விரல் மாதிரி வீங்கி, மேலெல்லாம் முடிச்சு முடிச்சாக நின்றது. ஒரு வீக்கத்தை பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். பஞ்சு போன்ற திசுவுக்குள் தனித்தனி அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளைப் புழு. சில அறைகள் காலி. அவற்றுக்கு நேராக மேல்தோலில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. ஓட்டை இருந்தால் குளவி பறந்துவிட்டது என்று அர்த்தம்.

வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி ஆலோசனை வராமல் இருக்காது. புழு இலைத் திசுவுக்குள் இருக்கிறது, மேலே தெளிப்பது அதன்மேல் படாது. ஹவாயில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தை நேரடியாகத் தண்டுக்குள் செலுத்திப் பல மரங்களைக் காப்பாற்றினார்கள். மரம் முழுக்க ஊடுருவும் மருந்து அது. தேனுக்காகவே பறவைகளும் தேனீக்களும் வரும் மரத்துக்குள் அதைச் செலுத்த எனக்கு விருப்பமில்லை. பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது வேறொரு குளவி: தான்சானியாவிலிருந்து கொண்டுபோய் 2008இல் ஹவாயில் விடப்பட்ட யூரிடோமா எரித்ரினே. கழலைக்குள்ளிருக்கும் புழுக்களைத் தின்றே அது வளரும். தனி ஆள் செய்யக்கூடியது அதில் ஒன்றுமில்லை.

நான் செய்தது கை வேலைதான். வீங்கிய தளிரை ஓட்டை விழுவதற்கு முன், வீக்கத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி, உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் கிடத்தினேன். வெந்து கறுத்த பிறகுதான் பையைத் திறப்பேன். எரு குழியில் பச்சையாகப் போடுவது குளவிப் பண்ணை வைப்பதற்குச் சமம். கூடவே தளிர் வருவதையே ஒரு பருவத்துக்குள் அடக்கினேன்: உரம் குறைவு, கவாத்து ஒரு தடவை, கோடையில் தண்ணீர் நிறுத்தம். முதல் மழைத் தளிரில் அடி பலமாக இருந்தது. அதற்குப் பின் வந்தவை ஓரளவு தப்பின. முற்றிய இலையில் அது முட்டையிடுவதில்லை என்பதால் தளிர் முற்றும்வரைதான் போராட்டம். இப்போதும் எல்லா மழைக்கும் சில கழலைகள் வருகின்றன, வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தளிர் நுனி திடீரென்று வாடித் தொங்கி, தண்டில் துளையும் துளை வாயில் எச்சத்தூளும் இருந்தால் அது தண்டு துளைக்கும் புழு. துளைக்குக் கீழே வெட்டி எறிந்தால் முடிந்தது. பசிபிக் தீவுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: பழத்தில் ஊசி இறக்கிச் சாறு உறிஞ்சும் யூடோசிமா அந்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே இந்த மரத்து இலையைத் தின்று வளர்கின்றன. பக்கத்தில் ஆரஞ்சுத் தோப்பு இருந்தால் தோப்புக்காரர் முறைப்பார்.

பூக்க வைப்பதற்கு நான் செய்த ஒரே காரியம் ஒன்றும் செய்யாமல் இருந்தது. மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். இலை மங்கி, பழுத்து, காம்போடு விழும். பார்ப்பவர்கள் மரம் பட்டுப்போகிறது என்று எச்சரிப்பார்கள். இரக்கப்பட்டு ஒரு குழாயைத் திறந்துவிட்டால் பாதி இலை நின்றுவிடும், பூவும் அந்த அளவுக்குக் குறையும். புல்தரைக்குத் தினமும் நீர் பாயும் இடத்தில் இந்த மரத்தை நட்டவர்கள் பூக்கவில்லை என்று குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். போத்தில் வந்த மரம் விதை மரத்தைவிட முந்திப் பூக்கும் என்பதால் ரொம்பக் காத்திருக்கவும் வேண்டாம்.

பூங்கொத்து கிளை நுனியில் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஒரு பெரிய இதழ் மட்டும் படகுபோல மடிந்து நிமிர்ந்து நிற்கும், மற்றவை சிறியவை. மகரந்தத் தாள்கள் கற்றையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மைனாவும் காக்கையும் தேன் குடிக்கத் தலையை விட்டு எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கும். விடிந்ததும் ஆரம்பிக்கும் கூச்சல் வெயில் ஏறும்வரை ஓயாது. படுக்கையறை ஜன்னலோரம் நடுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

பூ முடிந்தால் காய். விதைக்கு விதை இடுக்கி வைத்த கறுத்த காய், உள்ளே அவரை வடிவில் கருஞ்சிவப்பு விதைகள். பளபளப்பாக, கையில் வைத்து உருட்டத் தோன்றும்படி இருக்கும். விதையில் நஞ்சுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. சிறு பிள்ளைகளும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டிகளும் உள்ள வீட்டில் காய் பச்சையாக இருக்கும்போதே கொத்தோடு நறுக்கிவிடுவது நல்லது. மரத்துக்கும் அது நன்மைதான். விதைக்குப் போகும் சத்து தளிருக்குத் திரும்பும்.

தரையில் இடமில்லாதவர்கள் பெரிய தொட்டியிலும் வைக்கலாம். இரண்டடி அகலமும் அதே ஆழமும் வேண்டும், அடியில் துளைகள் தாராளமாக. முழங்கை நீளப் போத்து போதும். ஆண்டுதோறும் மொட்டைப் பருவத்தில் கிளைகளை இரண்டு மூன்று கணுவுக்குக் குறைத்துவிட்டால் மனித உயரத்தில் நிற்கும், இலையும் தரையில் உள்ள மரத்தைவிடப் பெரிதாக வரும். பூவை அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது, நுனியை ஒவ்வோர் ஆண்டும் நாமே வெட்டிவிடுகிறோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து உருவி, ஓரத்து வேரைக் கழித்து, புது மண் போட்டு வைக்க வேண்டும். பச்சைக் கிளை தேடி எடுக்கும் வேலை தொட்டியிலும் உண்டு, ஆனால் ஏணி தேவைப்படாது.